மதுரையைக் காலி செய்தபோது நான் எழுதி வைக்காதவை

மதுரையில் வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் 17 வருடம் குடியிருந்தோம். 2025 மார்ச் கடைசியில் வேலை மாற்றலாகிப் புனேவுக்கு வந்தேன். கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அம்மாவையும் மகனையும் வைத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்தது, சாமான் ஏற்றியது, இங்கே வந்து இறக்கியது எல்லாம் நான் தனியாகத்தான். இந்த ஒரு வருடத்தில் தேவையில்லாமல் கையை விட்டுப் போன பணம் 53,000 ரூபாய். கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பணம் போனதை விட என்னை அதிகம் அழ வைத்தது வேறு. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதியையாவது தவிர்த்திருப்பேன் என்று தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம் போன விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சாமான் ஏற்றிச் செல்ல ஒரே ஒரு நிறுவனத்திடம் போனில் விலை கேட்டேன். 38,000 என்றார்கள், சரி என்று முன்பணம் கட்டிவிட்டேன். ஏற்ற வந்த அன்று பாதி சாமான் லாரிக்குள் போன பிறகு, "நீங்க சொன்னதை விடக் கூடுதலா இருக்கு மேடம்" என்று 46,000 ஆக்கினார்கள். நான்கு நாளில் வரும் என்றார்கள், பதினோராம் நாள்தான் வந்தது. எங்களுடையது ஷேரிங் வண்டியாம், அதாவது வேறு இரண்டு வீட்டுச் சாமானையும் சேர்த்து வழியெல்லாம் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்திருக்கிறது. அது எனக்கு அன்றுதான் தெரியும். வந்ததும், வீடு நான்காவது மாடி, இறக்குக்கூலி 6,000 தனியாகக் கொடுத்தால்தான் கதவைத் திறப்போம் என்றார் வண்டிக்காரர். வயதான அம்மா வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது என்ன வாதாட முடியும்? கொடுத்துவிட்டேன். கிரைண்டர் கல்லும் பீரோக் கண்ணாடியும் உடைந்திருந்தன, அது ஒரு 6,500. அந்தப் பதினோரு நாளும் மூன்று வேளையும் வெளியில் வாங்கிச் சாப்பிட்டதில் 8,000.

வீடு மாறுகிறவர்கள் குறைந்தது மூன்று பேரை நேரில் வரச்சொல்லிச் சாமானைக் கண்ணால் பார்க்க வையுங்கள். முழு வண்டியா ஷேரிங்கா, எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, இறக்குக்கூலி சேர்த்தா, எந்தத் தேதிக்குள் வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்கு நம்பர் போட்டு, பட்டியலில் அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். ஒரு குக்கர், இரண்டு பாத்திரம், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, மூன்று போர்வை, இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் லாரியில் ஏற்றாதீர்கள். எங்கள் கையில் ஒரு குக்கர் இருந்திருந்தால் அந்த 8,000-ல் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும்.

வீட்டு அட்வான்ஸ் 80,000. வெள்ளையடிக்க என்று 15,000 பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போட்டது, அதற்கப்புறம் புதுப்பிக்கவே இல்லை. அந்தக் காகிதத்தில் வெள்ளையடிப்பது யார் செலவு என்று ஒரு வரிகூட இல்லை. காலி செய்யப்போவதை இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கொடுத்து, எவ்வளவு பிடிப்பீர்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் சாமான் ஏறிய பிறகு கேட்டேன். கேஸ் விஷயத்திலும் இதே அவசரம்தான். சிலிண்டரை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து அதற்கான வவுச்சரை வாங்கினால்தான் பழைய டெபாசிட் கைக்கு வரும், வேற்றூரில் அந்த வவுச்சரைக் காட்டி இணைப்பைத் தொடரலாம் என்று புனே ஏஜென்சியில்தான் தெரிந்துகொண்டேன். இங்கே புதிதாக சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250 கட்டினேன். டெபாசிட்தான் என்பதால் அதை நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, இதெல்லாம் யாராவது எங்காவது சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது, யாரும் எனக்குச் சொல்லாத இன்னொன்று.

மதுரையிலிருந்து அம்மாவின் பிரஷர் மாத்திரையில் பத்து நாளைக்கு மட்டும்தான் கொண்டுவந்திருந்தேன். மாத்திரை எங்கே கிடைக்காமல் போகும் என்ற நினைப்பு. எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் நான் படியேறினாலே தம்பி மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார். "வழக்கம்போலதானேக்கா?" என்பார், நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். மாத்திரை தீரப்போகிறது என்றதும் இங்கே ஒரு கடைக்குப் போனேன். சீட்டு கேட்டார்கள். மதுரை டாக்டர் கடைசியாகச் சீட்டு எழுதியது இரண்டு வருடத்துக்கு முன், அதுவும் எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறதோ, அந்த லாரி எங்கே நிற்கிறதோ. சரி, அட்டையையாவது காட்டலாம் என்று பையைத் திறந்து பார்த்தால், கடையில் வெட்டிக் கொடுத்த துண்டுகள். ஒரு துண்டில் நான்கு குழி, பின்பக்கம் விலையின் பாதி, காலாவதித் தேதியின் பாதி. பெயர் இருந்த பக்கம் மதுரைக் கடையிலேயே தங்கிவிட்டது. 17 வருடத்தில் பாதிக்கு மேல் அந்த மாத்திரையை நான்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் மராத்தியில் ஏதோ கேட்டார், நான் வெள்ளை நிறம், சின்னது என்று இந்தியில் உளறினேன். கடையை விட்டு இறங்கும்போது என் மேலேயே அவ்வளவு கோபம்.

மருந்துக் கடை நம்பரும் என்னிடம் இல்லை. தேவைப்பட்டதே இல்லையே, நான்கு எட்டு வைத்தால் கடை. மூன்று நாள் மாத்திரை இல்லாமல் போனது. மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவுக்குத் தலைசுற்றி, பின்மண்டை வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் 190-க்கு 110. ஒரு ராத்திரி படுக்க வைத்து 7,400 ரூபாய். பணம் போகட்டும், அந்த ராத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த பயத்தை இன்னும் மறக்க முடியவில்லை. தயவுசெய்து, வீட்டில் தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு டாக்டரைப் பார்த்து மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம் என்று புதிதாகச் சீட்டு எழுதி வாங்குங்கள். கம்பெனி வைத்த பெயரை மட்டும் எழுதினால் வேற்றூரில் அது கிடைக்காமல் போகலாம், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கான மாத்திரையை வெட்டாத முழு அட்டையாக வாங்கி, கையிலேயே கொண்டுபோங்கள்.

அந்த ராத்திரிதான் எனக்கு ஒன்று புரிந்தது. மதுரையில் நான் எதையும் தெரிந்து வைத்துக்கொள்ளாமலே வாழ்ந்திருக்கிறேன். எனக்குப் பதிலாகத் தெருவே எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது.

காபித்தூளும் அப்படித்தான் ஆனது. வறுத்து அரைத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில்தான் நாங்கள் எப்போதும் வாங்குவோம். மெஷினிலிருந்து தூள் விழும்போது கடைக்காரர் உள்ளங்கையால் குழாயின் வயிற்றில் இரண்டு தட்டு தட்டுவார், ஒட்டிக்கொண்டிருப்பதும் விழட்டும் என்று. சூடு ஆறாத பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி வீட்டுக்கு நடப்பேன். "வழக்கம்போல கால் கிலோ" என்பதைத் தவிர அந்தக் கடையில் நான் எதுவும் பேசியதில்லை. புனேயில் ராஸ்தா பேட் பகுதியில் நம்மூர்க்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், நல்லெண்ணெய், அப்பளம் எல்லாம் கிடைக்கும் என்று ஆபீஸில் சொன்னார்கள். நாங்கள் இருக்கும் வாகட்டிலிருந்து அது நல்ல தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசை ஆசையாகப் போனேன். கடைக்காரர் தமிழிலேயே கேட்டார், "எப்படிக் கலக்கட்டும்மா? பீபெர்ரி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு?" பீபெர்ரி ஒரு வகைக் காபிக்கொட்டை, ஆனால் எவ்வளவு என்று எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றபோதுதான் ஊரை விட்டு வந்துவிட்டோம் என்று முழுதாக உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பாவம், என்னவோ ஏதோ என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

கடைசியில் மதுரையில் இருக்கும் சித்தி பையனை அந்தப் பழைய கடைக்கு அனுப்பினேன். என் பெயரைச் சொன்னால் கடைக்காரருக்குத் தெரியவில்லை, எப்படித் தெரியும். போனில் என் போட்டோவைக் காட்டியிருக்கிறான். "அட, இவங்களா! ரெண்டு மாசமாக் காணோமேன்னு நினைச்சேன், உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டுவிட்டு மடமடவென்று சொன்னாராம். பீபெர்ரி பாதி, பிளாண்டேஷன் என்ற இன்னொரு வகைக் கொட்டை பாதி, கால் கிலோவுக்குச் சிக்கரி 30 கிராம், வறுவல் கொஞ்சம் கறுப்பாக. இத்தனையும் அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேனே என்று அன்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

துணி தைப்பவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் புதுமண்டபத்தில் தூணோரமாக மெஷின் போட்டிருந்த காலத்திலிருந்து எனக்குத் தைத்துக் கொடுத்த பாய். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், இரண்டு பக்கமும் யாளித் தூண்கள், நடுவில் தையல் மெஷின்கள் வரிசையாகக் கடகடவென்று ஓடும். அப்புறம் மண்டபத்துக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரும் அங்கே போனார். இடம் மாறியும் நான் அவரைத் தேடிப் போனேன், கடைசியில் நானே மாறி வந்துவிட்டேன். என் அளவு அவர் நோட்டில் இருக்கிறது. இடது தோள் எனக்குக் கொஞ்சம் இறக்கம், அதற்குத் தகுந்தபடி கழுத்தைத் தூக்கித் தைப்பார், அதை நான் வாய் திறந்து சொன்னதில்லை. இங்கே மூன்று பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்து மூன்றும் போட முடியாமல் போனது, 2,100 ரூபாய் வீண். நன்றாகப் பொருந்துகிற ஜாக்கெட் இரண்டை அளவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள், போட்டுப் பழசாக்காதீர்கள். தைப்பவரின் நோட்டில் உங்கள் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் துணியைக் கூரியரில் பாய்க்கே அனுப்புகிறேன், அவர் தைத்துத் திருப்பி அனுப்புகிறார். முதல் தடவை பார்சலைப் பிரித்து ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தபோது தோளில் வந்து அப்படியே உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன்.

பூ விஷயத்தில் கூரியர் உதவாது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு அது சந்து முனையில் ஒரு சாக்கின் மேல் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருக்கும் பூக்கார அக்கா. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், வாழை நாரை ஒரு சுற்று சுற்றிக் கட்டைவிரலால் இறுக்குவார், பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு சாண் நீண்டிருக்கும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, நறுக்குவதற்கு முன் நான்கு விரற்கடை தள்ளிப் பிடிப்பார். அந்த நான்கு விரற்கடை எங்களுக்காக. சாயங்காலம் மொட்டாக வாங்கினால் ராத்திரி சாப்பிட்டு முடிக்கும் நேரம் வீடெல்லாம் மணக்கும். புனேயிலும் கோடையில் மோகரா என்று சிக்னலில் விற்கிறார்கள், நல்ல பூதான், குறை சொல்ல மாட்டேன். ஊசியில் கோர்த்தது, தலையில் வைத்தால் தொங்கும். அம்மா வாங்கி சாமி படத்துக்குப் போடுவார், தலையில் வைக்க மாட்டேன் என்கிறார்.

கிளம்பிய அன்று ஆட்டோ முனையில் திரும்பும்போது அந்த அக்கா எழுந்து கை காட்டினார். "என்னம்மா, ஊரைக் காலி பண்ணிட்டுப் போறியாமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஒரு பந்துப் பூவை ஆட்டோவுக்குள் வைத்தார். காசை எடுத்து நீட்டினேன், வாங்கவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று ஆட்டோ நகர்ந்துவிட்டது. பூ காய்ந்த பிறகும் அம்மா அந்த நாரைச் சுருட்டி விபூதி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்.

கடைசி வாரம் முழுக்க நான் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு தடவை சைக்கிள் விடணும் என்றான் மகன், கூட்டிப்போகவில்லை. அவன் பழைய புத்தகம் தேடி எடுக்கும் சிம்மக்கல் கடைக்கும் போகவில்லை. சாயங்காலம் தள்ளுவண்டியில் சுக்கும் கருப்பட்டியும் மணக்கும் பருத்திப்பால், ஒரு டம்ளர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுகூட இல்லை. எல்லாவற்றையும் விட இதுதான் உறுத்துகிறது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்ப் பொற்றாமரைக் குளத்துப் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். கடைசி வெள்ளிக்கிழமை, "ஒரு எட்டு போயிட்டு வந்துடவா?" என்று கேட்டார். அன்றுதான் வீட்டுக்காரர் அட்வான்ஸ் பேச வருவதாகச் சொல்லியிருந்தார். "அடுத்த வாரம் போய்க்கலாம்மா" என்றேன். அடுத்த வாரம் நாங்கள் அந்த ஊரிலேயே இல்லை என்பது எனக்கு வாயிலிருந்து சொல் விழுந்த பிறகுதான் தோன்றியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பெட்டிக்குக் கயிறு பிடித்தார். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக விடுவதில்லை, அதனால் அந்தப் படியில் அம்மா உட்கார்ந்திருக்கும் ஒரு போட்டோகூட எங்களிடம் கிடையாது.

மார்ச்சில் வந்ததால் சித்திரைத் திருவிழாவும் போனது. மே 12-ம் தேதி அழகர் ஆற்றில் இறங்கியதை டிவியில்தான் பார்த்தோம். நடுராத்திரியிலிருந்து அம்மா விழித்திருந்தார். மகனின் பள்ளி ஏப்ரலில் தொடங்கியதால் எனக்கு வேறு வழி இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அம்மாவை மட்டுமாவது சித்தி வீட்டில் ஒரு மாதம் விட்டுவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் ஒரே நாளில்தான் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஒன்றும் இல்லையே. இது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தோன்றியது. வயதானவர்களிடம் ஊர் மாறும் தேதியை அறிவிக்காதீர்கள், கேளுங்கள்.

ஊர் மாறப்போகிறவர்களிடம் இப்போது நான் சொல்வது இதுதான். ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு நோட்டு போட்டு, எந்தெந்த இடத்தில் போய் "வழக்கம்போல" என்கிறீர்களோ, அத்தனை இடத்தையும் எழுதுங்கள். காபிக்கடை, மருந்துக்கடை, மாவு மில், முடிவெட்டும் கடை, செருப்பு தைப்பவர், கண்ணாடிக் கடை, நகை பற்றவைப்பவர், எல்லாம். அப்புறம் ஒவ்வொருவரிடமும் போய், "நான் சொல்லும் வழக்கம்போலவுக்குள் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சாம்பார் பொடிக்கு மில்லில் எவ்வளவு நைசாக அரைப்பார்கள் என்பது வரைக்கும். அப்படிப் போகும்போதே விடைபெற்ற மாதிரியும் ஆகிவிடும், அதற்கென்று தனியாக நேரம் தேட வேண்டாம். கோபுரத்தைப் படம் எடுப்பதை விட, நம்பரோடு கடைப் பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள். கோபுரத்தின் படம் எங்கும் கிடைக்கும். கடைசி இரண்டு நாள் கையில் எந்த வேலையும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி கட்டுவதை மூன்று நாள் முன்னதாக முடித்தால் இது நடக்கும். போஸ்ட் ஆபீஸில் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கவும் மறக்காதீர்கள். என் புது ஏடிஎம் கார்டு மதுரைக்குப் போய்த் திரும்பிவிட்டது.

புது ஊருக்கு வந்த பிறகு நான் செய்த பெரிய தவறு, முதல் மூன்று மாதம் கீரை முதல் பால் வரைக்கும் செயலியில் வரவழைத்தது. மொழி தெரியாத கூச்சம். அதனால் இந்தத் தெருவில் ஒரு ஆளுக்கும் எங்கள் முகம் தெரியவில்லை. இப்போது வேண்டுமென்றே தினமும் அதே நேரத்துக்கு அதே காய்கறிக்காரரிடம் போகிறேன். "கிதி?" என்று விலை கேட்கவும், "புரே" என்று போதும் சொல்லவும் கற்றுக்கொண்டேன். நான் சின்ன கத்திரிக்காய்தான் எடுப்பேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மருந்துக் கடையில் அம்மாவைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்து வைத்திருக்கிறேன், ஆனாலும் மாத்திரையின் பெயரைச் சமையலறைக் கதவின் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இந்த வருடம் சித்திரைக்கு மதுரை போகிறோம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த அன்று காலையிலேயே உட்கார்ந்து, நாகர்கோவில் போகும் ரயிலில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். பையில் பாய்க்குக் கொடுக்க இரண்டு துணி, காபித்தூளுக்குப் பெரிய டப்பா, பூக்கார அக்காவுக்கு ஒரு புடவை. அழகர் இறங்கிய மறுநாளே கிளம்பினால் லீவு ஒரு நாள் மிச்சமாகும். ஆனால் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும்படிதான் திரும்பும் டிக்கெட்டை எடுத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் வேறு யாரையும் வரச்சொல்லவில்லை. அம்மாவைக் குளத்துப் படியில் உட்கார வைத்துவிட்டு, அவராக எழுந்திருக்கும் வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.